பிராட்பேண்ட் லைன் கரகரக்கிறதா? செட்டிநாட்டுப் பெரிய வீடுகளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கத்து வீடுகளில் நெட் விட்டு விட்டு வந்தால் முதலில் மாற்றப்படுவது மோடம். பெரும்பாலும் அது வீண் செலவு. பழுது இருப்பது வயரில். அதைவிட அதிகமாக, வயரும் வயரும் சேரும் ஜாயின்ட்டில். ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும் வீட்டில், முகப்பில் நுழையும் போன் லைன் நடு முற்றமான வளவைச் சுற்றி, வீட்டின் அடுத்த பகுதியான இரண்டாம் கட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஐந்தாறு ஜாயின்ட் விழுந்துவிடும். எக்ஸ்சேஞ்சிலிருந்து ஒழுங்காக வந்த லைன் வீட்டுக்குள் வந்துதான் கெடுகிறது.

கீழே உள்ளது செம்பு வயரில் வரும் ஏடிஎஸ்எல், விடிஎஸ்எல் இணைப்புகளுக்கு. ஃபைபருக்கு மாறிவிட்டவர்களுக்குக் கடைசிக்கு முந்தைய தலைப்பு போதும்.

## கையில் இருக்க வேண்டியவை

வயர் உள்ள சாதாரண போன் ஒன்று (கார்ட்லெஸ் உதவாது, அதற்கே ஒரு இரைச்சல் உண்டு), இரண்டு மீட்டருக்குள் ஒரு போன் கார்டு (போனை மாட்டும் இணைப்பு வயர்), சின்ன ஸ்க்ரூ டிரைவர், கட்டிங் பிளேயர், சாதா டிஜிட்டல் மல்டிமீட்டர், பத்து ஜெல்லி கனெக்டர் (வயர்களை இணைக்கும், பசை நிரப்பிய சின்ன பிளாஸ்டிக் குமிழ்). முடிந்தால் பேட்டரியில் ஓடும் பழைய மீடியம் வேவ் ரேடியோ. அது எதற்கு என்பது பின்னால் வரும்.

இடி இடிக்கும்போது லைனைத் தொட வேண்டாம். சும்மா இருக்கும் லைனில் ஏறக்குறைய 48 வோல்ட் டிசி இருக்கும். அது சுரீரென்று கடிக்காது. ஆனால் மணி அடிக்கும்போது 75 வோல்ட் அளவில் ஏசி வரும், அது நன்றாகவே அடிக்கும். வேலை பார்க்கும்போது யாரையும் அந்த எண்ணுக்கு அழைக்க வேண்டாம் என்று சொல்லிவைக்கவும்.

## எந்த அறிகுறியானாலும் முதலில்: பழுது வீட்டிலா, தெருவிலா?

1. லைன் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் இருக்கும் முதல் ரோசட் பெட்டியை (போன் மாட்டும் துளை உள்ள சின்னப் பெட்டி) கண்டுபிடிக்கவும். பெரும்பாலும் முகப்புத் திண்ணைச் சுவரில் இருக்கும்.
2. அங்கிருந்து உள்ளே போகும் வயர்கள் அத்தனையையும் கழற்றவும். வெளியிலிருந்து வரும் இரண்டு கம்பி மட்டும் ஸ்க்ரூவில் நிற்க வேண்டும்.
3. போனை அங்கேயே மாட்டி, ரிசீவரை எடுத்து, ஏதாவது ஒரு எண்ணை அழுத்தவும். டயல் டோன் நின்று சில விநாடி அமைதியாக இருக்கும். அப்போது கேட்கவும்.
4. போனை எடுத்துவிட்டு, மோடத்தை அதே இடத்தில் குட்டைக் கார்டால் நேரடியாக மாட்டி, ஒரு நாள் விடவும்.

அங்கேயே கரகரப்பு கேட்டாலோ, மோடத்தில் நெட் அங்கேயும் விழுந்தாலோ, பழுது வெளியே. நேராகக் கடைசித் தலைப்புக்குப் போகலாம். அங்கே சரியாக ஓடினால் பழுது வீட்டுக்குள். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் வேறு எதையும் வாங்க வேண்டாம்.

## மோடம் காட்டும் எண்கள்

பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்தால் பெரும்பாலான மோடங்கள் திறக்கும். முகவரியும் பாஸ்வேர்டும் அடிப்பக்க ஸ்டிக்கரில் இருக்கும். டிஎஸ்எல் ஸ்டேட்டஸ் பக்கத்தில் மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளவும்.

எஸ்என்ஆர் மார்ஜின்: இரைச்சலைத் தாங்க சிக்னலுக்கு மிச்சமிருக்கும் இடம் இது. 10 டெசிபலுக்கு மேல் இருந்தால் கவலை இல்லை. 6க்கும் 10க்கும் நடுவே என்றால் ஒரு டியூப் லைட் போட்டாலே விழலாம். 6க்குக் கீழே நிலைக்காது.

அட்டென்யுவேஷன்: வரும் வழியில் சிக்னல் எவ்வளவு தேய்கிறது என்பது. இது தூரத்தின் கணக்கு. ஏடிஎஸ்எல்2+ லைனில் கிலோமீட்டருக்குச் சுமார் 14 டெசிபல். 28 காட்டினால் எக்ஸ்சேஞ்ச் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் வயர் தூரத்தில் இருக்கிறது என்று பொருள். தூரம் ஒரே இரவில் கூடாது. நேற்று 28, இன்று 36 என்றால் நடுவில் ஒரு ஜாயின்ட் கெட்டிருக்கிறது. 60ஐத் தாண்டிய லைனில் வீட்டுக்குள் என்ன செய்தாலும் பெரிய பலன் இராது.

சிஆர்சி பிழை: வழியில் கெட்டுப்போய் வந்த தகவல் துண்டுகளின் கணக்கு. மொத்த எண்ணிக்கை முக்கியமில்லை, ஏறும் வேகம்தான் முக்கியம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் ஏறினால் லைனில் இரைச்சல் நுழைகிறது.

## அறிகுறி: எப்போதும் கரகரப்பு, நெட்டும் அடிக்கடி விழுகிறது

முதல் சோதனையில் பழுது வீட்டுக்குள் என்று தெரிந்த பிறகு, இந்த வரிசையில் போகவும்.

கார்டு. மோடத்துக்கும் ரோசட்டுக்கும் நடுவே பத்து மீட்டர் தட்டைக் கார்டு ஓடினால் முதல் குற்றவாளி அதுதான். தட்டைக் கார்டில் இரண்டு கம்பியும் முறுக்கப்படாமல் பக்கம் பக்கமாக ஓடும். ஏரியல் மாதிரி இரைச்சலை வாங்கும். இரண்டு மீட்டருக்குள் குறைக்கவும்.

ரோசட் பெட்டி. மூடியைத் திறந்தால் சிற்றெறும்புக் கூடோ, பல்லி முட்டையோ, பச்சை பூத்த ஸ்க்ரூவோ இருக்கும். கம்பி நுனியை இரண்டு சென்டிமீட்டர் வெட்டிவிட்டு, புதிதாக ஒரு சென்டிமீட்டர் உரித்து மாட்டவும். ஸ்க்ரூ பச்சையாக இருந்தால் சுரண்டிக்கொண்டிருக்க வேண்டாம், பெட்டியையே மாற்றவும்.

உள் வயர். முகப்பில் கழற்றிய உள் வயரின் இரண்டு கம்பிகளையும் தனியாக வைத்து, வீட்டில் உள்ள போன், மோடம், ஸ்பிளிட்டர் (போனையும் நெட்டையும் பிரிக்கும் சின்னப் பெட்டி) எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மீட்டரை அதிக ஓம் ரேஞ்சில் இரண்டு கம்பிக்கும் நடுவே வைக்கவும். மீட்டர் எதுவும் காட்டக்கூடாது. ஒரு மெகாஓமுக்குக் கீழே ஏதாவது காட்டினால் எங்கோ ஈரம் அல்லது நசுங்கல். அடுத்து மறுமுனையில் இரண்டு கம்பியையும் சேர்த்து முறுக்கிவிட்டு இங்கே அளக்கவும். அரை மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 50 மீட்டர் ஓட்டத்துக்கு 9 ஓம் சுற்றி வர வேண்டும். முப்பது, நாற்பது வந்தால் ஜாயின்ட் கெட்டது. யாரையாவது வயரை ஆங்காங்கே அசைக்கச் சொல்லுங்கள். எண் குதிக்கும் இடம்தான் பழுது.

பழுது வழக்கமாக எங்கே இருக்கும் என்று இந்த வீடுகளில் ஊகிக்கலாம். சுண்ணாம்புப் பூச்சில் ஓட்டை போட யாருக்கும் மனம் வராது. அதனால் போன் வயர் தேக்கு உத்திரத்திலும் நிலைக்கதவுச் சட்டத்திலும் யூ ஆணி அடித்து ஓடும். ஆணி ஒன்று கொஞ்சம் ஆழமாக இறங்கியிருந்தால் இன்சுலேஷனை வெட்டியிருக்கும். ஒவ்வொரு ஆணியையும் பார்ப்பதைவிட வயரையே மாற்றுவது எளிது. இன்னொரு இடம், வளவைச் சுற்றிய தாழ்வாரத்தின் விளிம்பு. மழை நேரே வளவில் கொட்டும்போது சாரல் அங்கேதான் படும்.

கையால் முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட். இதைக் கண்டால் வெட்டி எறியவும். ஜெல்லி கனெக்டரில் கம்பியை உரிக்காமலே நுழைத்து, பொத்தானைப் பிளேயரால் சமமாக அமுக்கினால் போதும். உள்ளே இருக்கும் பசை ஈரத்தைத் தடுக்கும். உரித்து நுழைப்பவர்கள் அதிகம். அப்படிச் செய்தால் பிடி நிற்காது.

கேட் 5 என்ற நெட்வொர்க் வயரைப் போன் லைனாக ஓட்டியிருந்தால். நல்ல வேலைதான், ஆனால் நீலமும் வெள்ளை நீலமும் என்று ஒரே ஜோடியை எடுத்திருக்க வேண்டும். நீலம் ஒரு ஜோடியிலிருந்தும் ஆரஞ்சு இன்னொரு ஜோடியிலிருந்தும் எடுத்திருந்தால் முறுக்கின் பலன் போய்விடும். போன் நன்றாகப் பேசும், நெட் மட்டும் சொதப்பும். மீட்டரிலும் இது தெரியாது. கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

இதற்கெல்லாம் ஒரேயடியான தீர்வு உண்டு: போன் வயரை உள்ளே இழுக்காதீர்கள், மோடத்தை முகப்புக்குக் கொண்டுவாருங்கள். அங்கிருந்து கேட் 6 வயரை இரண்டாம் கட்டுக்கு ஓட்டுங்கள். நெட்வொர்க் வயர் 100 மீட்டர் வரை தாங்கும். தெருவிலிருந்து தெருவுக்குப் போகும் வீட்டுக்கும் பெரும்பாலும் போதும். டிஎஸ்எல் லைன் அளவுக்கு இந்த வயர் இரைச்சலுக்கு மயங்காது. கரண்ட் வயரோடு சேர்த்துக் கட்ட வேண்டாம். ஒரு அடி தள்ளி ஓட்டவும், குறுக்கே கடக்க வேண்டியிருந்தால் நேர்க்குறுக்காகக் கடக்கவும். ஆணி அடிக்காமல் உத்திரத்தின் மேல்பக்கத்தில் படுக்க வைத்தாலே நிற்கும்.

## அறிகுறி: மணி அடித்தாலோ, போனை எடுத்தாலோ நெட் அறுகிறது

ஸ்பிளிட்டர் விஷயம். பெரும்பாலும் இங்கேயே முடியும்.

லைன், போன், மோடம் என்று மூன்று துளை. வெளி லைன் முதலில் ஸ்பிளிட்டருக்கு வர வேண்டும். எக்ஸ்டென்ஷன் போன்கள் எல்லாம் அதன் போன் துளைக்குப் பின்னாலிருந்துதான் பிரிய வேண்டும். பங்காளிகள் ஆளுக்கொரு அறை வைத்திருக்கும் வீட்டில் ஒவ்வொரு புள்ளியும் (தனிக் குடும்பமும்) தன் பங்குக்கு ஒரு எக்ஸ்டென்ஷன் இழுத்திருக்கும். அதில் ஒன்று ஸ்பிளிட்டருக்கு முன்னாலேயே பிரிந்திருக்கும். மாடியில் பெட்டகத்தின் பின்னால், ஆச்சி அறையில், பழைய சுழற்று டயல் போன் ஒன்று மாட்டியபடியே கிடக்கும். யாருக்கும் நினைவிருக்காது. லைன் மட்டும் அதன் சுமையைத் தாங்கிக்கொண்டிருக்கும்.

முகப்பில் எல்லா உள் வயரையும் கழற்றி ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தால் எது கெடுக்கிறது என்று தெரிந்துவிடும். தேவையில்லாத எக்ஸ்டென்ஷனை முகப்பிலேயே நிரந்தரமாகக் கழற்றிவிடவும். அறையில் போனை எடுத்தால் போதாது. மறுமுனை திறந்து கிடக்கும் வயரும் சிக்னலைத் திருப்பி அடித்துக் கெடுக்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் அறுந்தால் ஸ்பிளிட்டரை மாற்றவும். இடிக்குப் பிறகு இது சத்தமில்லாமல் செத்துப்போகும் பொருள்.

## அறிகுறி: போனை எடுத்து வைத்தால் கொஞ்ச நேரம் சரியாகிறது

வருடத்தில் பெரும்பகுதி பூட்டிக் கிடந்து, பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் திறக்கும் வீட்டுக்கே உரிய பழுது. ஓடாத லைனின் ஜாயின்ட்டில் களிம்பு படியும். போனை எடுக்கும்போது ஓடும் மின்னோட்டம் அந்தப் படலத்தைத் துளைக்கிறது. வைத்தபின் மெல்ல மீண்டும் மூடுகிறது. முகப்பு ரோசட்டிலிருந்து தொடங்கி ஜாயின்ட்டுகளைப் புதிதாகப் போடவும். வீட்டுக்குள் எல்லாம் புதிதாகியும் இப்படி இருந்தால் வெளி ஜாயின்ட்டில் இதே கோளாறு. லைன்மேனிடம் இதே வார்த்தைகளில் சொல்லுங்கள், அவருக்குப் புரியும்.

## அறிகுறி: போன் செத்துவிட்டது, நெட் மட்டும் நொண்டுகிறது

பார்ப்பவர்கள் நம்பமாட்டார்கள், ஆனால் நடக்கும். இரண்டு கம்பியில் ஒன்று அறுந்தாலும் மோடம் மற்றொன்றில் ஒட்டிக்கொண்டு, மிகக் குறைந்த வேகத்தில் சிங்க் ஆகும், அதாவது எக்ஸ்சேஞ்சோடு இணைப்பைப் பிடித்துக்கொள்ளும். முகப்பில் மீட்டர் வைத்துப் பார்க்கவும். 48 வோல்ட் சுற்றி வந்தால் அறுந்தது உள்ளே. ஒன்றும் வராவிட்டால் வெளியே. நாற்பதுக்குக் கீழே வந்தால் அறுந்ததல்ல, கசிவு, பெரும்பாலும் ஈரம்.

## அறிகுறி: மழைக்குப் பிறகு மட்டும்

ஐப்பசி, கார்த்திகை மழையில் கெட்டு, நாலு நாள் வெயிலில் தானாகவே சரியாகிவிடும். இதில் உள்ள சிக்கல், லைன்மேன் வரும் அன்று எல்லாம் காய்ந்து போய் லைன் சரியாக இருப்பது. ஈரம் இருக்கும்போதே புகார் கொடுத்து, ஈரம் இருக்கும்போதே வரச் சொல்லுங்கள். முடியாவிட்டால் மழை நாளின் எஸ்என்ஆர், அட்டென்யுவேஷன் எண்களைப் படம் எடுத்துவைத்துக் காட்டுங்கள்.

நீங்களே பார்க்கக்கூடியவை: போஸ்ட்டிலிருந்து வீட்டுக்கு வரும் டிராப் வயர் சுவருக்குள் நுழையும் இடத்தில், ஓட்டைக்குக் கீழே ஒரு கை அளவு தொங்கி வளைந்து பிறகு மேலேறி நுழைய வேண்டும். அப்போதுதான் வயர் வழியே வழியும் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். நேராகச் சாய்ந்து நுழைந்தால் தண்ணீர் ரோசட்டுக்குள் போய் உட்காரும். டிராப் வயரின் மேலுறை வெயிலில் வெடித்திருக்கிறதா, அணில் கடித்த இடம் உண்டா, மரக்கிளை உரசுகிறதா என்று தரையில் நின்றபடியே பார்க்கவும். போஸ்ட்டில் ஏறுவது உங்கள் வேலை இல்லை. பக்கத்திலேயே மின்கம்பி ஓடும்.

## அறிகுறி: மோட்டார் போட்டால், அல்லது குறிப்பிட்ட நேரத்தில்

தொட்டி நிரப்பும் மோட்டார் ஓடும்போது மட்டும். போன் வயர் மோட்டார் வயரோடு சேர்ந்து ஓடுகிறதா பாருங்கள். கிணற்றடி மூன்றாம் கட்டுக்கு அப்பால் இருப்பதால் இரண்டும் ஒரே சுவர் ஓரமாகவே போகும். பிரித்து ஓட்டவும். போடும் நொடியிலும் நிறுத்தும் நொடியிலும் மட்டும் விழுந்தால், சேவை நிறுவனத்திடம் இன்டர்லீவ் ப்ரொஃபைல் கேட்கவும். திடீர்த் தட்டு இரைச்சலை அது பொறுத்துக்கொள்ளும். பிங் (பதில் வந்து சேரும் நேரம்) கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

கரண்ட் போய் இன்வெர்ட்டர் ஓடும்போது மட்டும். சதுர அலை இன்வெர்ட்டர் என்றால் அதன் இரைச்சல் மோடத்தின் அடாப்டர் வழியே ஏறுகிறது. மோடத்துக்கு 12 வோல்ட் சின்ன டிசி யூபிஎஸ் தனியாக வைப்பது மலிவான வழி. முதலில் ஸ்டிக்கரைப் பார்த்து, மோடம் 12 வோல்ட்டா 9 வோல்ட்டா என்று உறுதி செய்துகொள்ளவும்.

மாலை விளக்கு ஏற்றியதும். இங்கேதான் அந்த ரேடியோ. மீடியம் வேவில், நிலையம் எதுவும் வராத இடத்தில் வைத்து, சத்தத்தைக் கூட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றி நடக்கவும். ஏடிஎஸ்எல்2+ பயன்படுத்துவது 2.2 மெகாஹெர்ட்ஸ் வரை. மீடியம் வேவ் முழுவதும் அதற்குள்ளேயே அடக்கம். ஆகவே ரேடியோவுக்குக் கேட்கும் இரைச்சல் மோடத்துக்கும் கேட்கும். மலிவான எல்இடி பல்பு, விசேஷத்துக்குக் கட்டிய சீரியல் செட், ஃபேன் ரெகுலேட்டர், டிவி பெட்டியின் அடாப்டர் என்று ஏதோ ஒன்றின் அருகே ரேடியோ அலறும். அதை அணைத்துப் பார்த்து, எஸ்என்ஆர் ஏறினால் ஆள் அகப்பட்டான். மோடத்தின் சொந்த அடாப்டரை மறந்துவிட வேண்டாம். சூடாகி மெலிதாகக் கீச்சிடும் அடாப்டரே குற்றவாளியாக இருப்பதுண்டு. அதே வோல்ட், அதே முனை அமைப்பு, ஆம்பியர் சமமாகவோ கூடவோ உள்ளதை மாட்டிப் பார்க்கவும்.

இரவில் மட்டும், எந்தப் பொருளையும் அணைத்தும் பயனில்லை. தூரத்து மீடியம் வேவ் நிலையங்கள் இரவில் வலுவாக வரும், அதைத் தடுக்க முடியாது. மோடத்தில் மாடுலேஷனை ஏடிஎஸ்எல்2+ இலிருந்து பழைய ஏடிஎஸ்எல் முறையான ஜி.டிஎம்டிக்கு மாற்றினால் 1.1 மெகாஹெர்ட்ஸோடு நின்றுகொள்ளும். வேகம் 8 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. அட்டென்யுவேஷன் 40க்கு மேலுள்ள லைனில் எப்படியும் அதைத் தாண்டாது என்பதால் இழப்பும் பெரிதில்லை.

## அறிகுறி: டிஎஸ்எல் விளக்கு அசையாமல் எரிகிறது, உள் அறையில் நெட் இல்லை

இது லைன் பழுதே இல்லை, வைஃபை. ஒன்றரை இரண்டு அடிச் செங்கல் சுண்ணாம்புச் சுவரை 5 கிகாஹெர்ட்ஸ் தாண்டாது, 2.4 கூட இரண்டு சுவருக்குமேல் திணறும். கேட் 6 வயர் ஓட்டி, வைஃபை பரப்பும் பெட்டியான ஆக்சஸ் பாயின்ட்டை வளவின் மூலைத் தூண் அருகே, தாழ்வாரத்துக்கு உள்பக்கமாக வைக்கவும். வளவு திறந்த வெளி. சுற்றியுள்ள அறைகளின் வாசல்கள் எல்லாம் அதைப் பார்த்தே இருக்கின்றன. கதவு வழியாக சிக்னல் போகட்டும், சுவரோடு மல்லுக்கட்ட வேண்டாம். சுவிட்ச் போர்டில் செருகும் ரிப்பீட்டரை முகப்புக்கும் இரண்டாம் கட்டுக்கும் நடுவே வைப்பது பாதி வேகத்தைத் தின்னும்.

## அறிகுறி: இடிக்குப் பிறகு எதுவும் இல்லை

மோடம் விளக்கே எரியாவிட்டால் அடாப்டர். மற்ற விளக்கு எரிந்து டிஎஸ்எல் மட்டும் எரியாமல், முகப்பில் போனும் பேசினால், முதலில் ஸ்பிளிட்டர் இல்லாமல் நேரடியாக மாட்டிப் பார்க்கவும். அதிலும் எரியாவிட்டால் மோடத்தின் லைன் போர்ட் போயிருக்கிறது. மோடம் வாங்கியே ஆக வேண்டிய ஒரே இடம் இது. ஆனால் பக்கத்து வீட்டு மோடத்தை ஒரு முறை இங்கே மாட்டிப் பார்த்துவிட்டு வாங்கவும். எக்ஸ்சேஞ்ச் போர்ட்டும் அதே இடியில் போயிருக்கலாம்.

## ஃபைபர் இணைப்பு என்றால்

கரகரப்பு என்பது அதில் இல்லை. மோட்டாரும் மழை ஈரமும் கண்ணாடி இழையை ஒன்றும் செய்யாது. லாஸ் (LOS) விளக்கு சிவப்பாகச் சிமிட்டினால் ஒளி வரவில்லை: நிலைக்கதவில் இழை நசுங்கியதா, மூன்று சென்டிமீட்டருக்கும் இறுக்கமாக வளைந்ததா என்று மட்டும் பார்க்கவும். பச்சை கனெக்டரை ஒருமுறை எடுத்து மாட்டலாம். நுனியைத் தொடக்கூடாது, உள்ளே கண் வைத்துப் பார்க்கவே கூடாது. மோடத்தின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் ஆர்எக்ஸ் பவர் (வந்து சேரும் ஒளியின் அளவு) மைனஸ் 27 டிபிஎம்முக்கும் கீழே போயிருந்தால் ஸ்ப்ளைஸ் போடும் (இழையை ஒட்டும்) ஆள்தான் வர வேண்டும்.

## லைன்மேனைக் கூப்பிட வேண்டிய இடம்

முகப்பில் உள் வயர் இல்லாமலே பார்க்கும்போது கரகரப்பு, 40 வோல்ட்டுக்குக் கீழே அளவு, அட்டென்யுவேஷன் திடீர் ஏற்றம், வேறொருவர் பேச்சு லைனில் கேட்பது: இந்த நான்கில் எது இருந்தாலும் வீட்டுக்குள் மேற்கொண்டு நேரம் செலவழிக்க வேண்டாம்.

"நெட் ஸ்லோ" என்று புகார் கொடுத்தால் மோடத்தை அணைத்துப் போடச் சொல்லும் பதில்தான் வரும். "போனில் இரைச்சல், உள் வயர் கழற்றிய பிறகும் இருக்கிறது" என்று கொடுக்கவும். அவர் வந்து பார்க்கும் வரிசையும் மலிவிலிருந்து தொடங்கும்: டிராப் வயர் முனைகள், தெருமுனை டிபி பாக்ஸ் (வீடுகளுக்கு லைன் பிரியும் பெட்டி), அடுத்து கேபிளில் வேறு கம்பி ஜோடிக்கு (பேர், pair) மாற்றுவது, கடைசியாக எக்ஸ்சேஞ்சில் போர்ட் மாற்றுவது. டிராப் வயரில் நடுவழி ஜாயின்ட் இரண்டுக்கு மேல் இருந்தால் ஒட்டுப்போடாமல் முழு நீளமும் புதிதாக இழுக்கக் கேட்பதில் தவறில்லை.

அவர் கிளம்புமுன் முகப்பில் மோடத்தை மாட்டி, எண்களை அவர் எதிரிலேயே பார்க்கவும். புதிய ஜோடியின் எண், தேதி, எஸ்என்ஆர், அட்டென்யுவேஷன் நான்கையும் ரோசட் மூடியின் உள்பக்கம் பேனாவால் எழுதிவைக்கவும். அடுத்த மழையில் அந்த மூடியைத் திறப்பது நீங்களாக இல்லாமலும் போகலாம்.